மலை வேண்டாம் என்றால்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளில் ஒரு தமிழ்க் குடும்பம் மனை வாங்கினால், மண்வெட்டி தரையைத் தொடும் முன்னே குருக்கள் வந்துவிடுவார். நல்ல நாள் பார்த்து, ஈசானிய மூலையில் சிறு குழி எடுத்து, நவதானியம் இட்டு, பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் பூசிய செங்கல்லை வைத்துப் பூமி பூஜை நடக்கும். பூஜைச் சாமான்கள் எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். எழும்பப்போவது பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவரும், சரிவுக்கு வெளியே நீளும் மரத்தளமும், நீச்சல் குளமும் கொண்ட புதுப்பாணி ஷாலேயாக இருந்தாலும் இந்த முறை மாறுவதில்லை.

அந்தப் பூஜையில் கேட்கப்படுவது என்ன? உன்மேல் கால் வைக்கிறோம், உன்னைத் தோண்டப்போகிறோம், பொறுத்துக்கொள் என்று நிலமகளிடம் வேண்டுகிறார்கள். அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களிடம் விலகி இடம் கொடுக்கும்படி கேட்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, மரம் வெட்டப் போகிறவன் முதலில் அந்த மரத்துக்குப் படையல் வைத்து, அதில் குடியிருப்பவற்றை வேறு இடம் தேடிக்கொள்ளும்படி வேண்ட வேண்டும் என்கிறது. மலாய்க்காரர்களின் பழைய வழக்கத்திலும், இந்தப் பள்ளத்தாக்கின் ஆதிக்குடிகளான தெமுவான் மக்களிடமும் காட்டைக் காக்கும் ஆவிகளிடம் அனுமதி கேட்கும் பழக்கம் உண்டு. மொழியும் தெய்வமும் வேறானாலும், நிலத்தைத் தொடும் முன் கேட்க வேண்டும் என்பதில் இங்கு வாழும் எல்லாருடைய முன்னோர்களும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. கேட்பது உண்மையான கேட்பது என்றால், அதற்கு ‘வேண்டாம்’ என்ற பதிலும் வரக்கூடும். அந்தப் பதில் எந்த வடிவில் வரும்? வந்தால் ஏற்றுக்கொள்ள யார் தயாராக இருக்கிறார்கள்? வரைபடம் ஒப்புதலாகி, வங்கிக் கடன் இறங்கி, குத்தகையாளருக்கு முன்பணமும் கொடுத்த பிறகு நடக்கும் பூஜையில், மறுப்பதற்கு நிலத்துக்கு எந்த வழியும் விடப்படுவதில்லை.

மலையில் வீடு வேண்டும் என்ற ஆசையைக் குறைசொல்ல இடமில்லை. கோலாலம்பூரின் புழுக்கத்தில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களுக்கு, ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும் என்பது பெரிய விஷயம். உலு லங்காட், உலு யாம், கெந்திங் மலைச்சாலையில் உள்ள கோத்தோங் ஜெயா, காராக் நெடுஞ்சாலை வழியே பகாங் எல்லையைத் தாண்டினால் ஜண்டா பாயிக், புக்கிட் திங்கி என்று வார இறுதி வீடுகள் பெருகுவதன் காரணம் இதுதான். காலையில் பனிமூட்டம், பூச்சிகளின் ஒலி, ஆற்றுச் சத்தம். உடம்புக்கும் மனத்துக்கும் இவை நல்லவை. ரப்பர்த் தோட்ட லயன் வீடுகளில் பிறந்து, உழைத்து மேலே வந்த ஒரு தலைமுறைக்குத் தன் சம்பாத்தியத்தில் குன்றின் மீது ஒரு வீடு கட்டுவது வாழ்நாள் கனவாகவும் இருக்கலாம்.

தமிழ் மரபும் மலையை மனிதனுக்கு மூடி வைக்கவில்லை. தொல்காப்பியம் மலைநிலத்துக்குத் தெய்வமாகச் சேயோனைச் சொல்கிறது. அதே குறிஞ்சியில் குறவர்கள் தினை விதைத்தார்கள், தேன் எடுத்தார்கள், பரண் கட்டிக் கிளி ஓட்டினார்கள். தெய்வமும் மனிதனும் ஒரே மலையில் இருந்தார்கள். ஆனால் அந்தப் பரணும் குடிலும் மலையின் வடிவத்தை மாற்றவில்லை. ஒரு பருவம் கழித்து மனிதன் நகர்ந்துபோனால் மலை பழையபடி மூடிக்கொள்ளும்.

மலையைத் தேடிப்போன துறவிகளும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ரமணர் திருவண்ணாமலையில் 1899 முதல் 1916 வரை விரூபாட்சி குகையிலும், பிறகு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். கந்தாசிரமம், கந்தசாமி என்ற அடியவர் சப்பாத்திப் புதரை வெட்டி, பாறைச் சரிவைத் திருத்தி, தன் கையுழைப்பால் எழுப்பியது. அவர் பெயராலேயே அந்த இடம் இன்றும் அழைக்கப்படுகிறது. மலேசியத் தமிழருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்து தோட்ட மருத்துவமனையில் மருத்துவராக வேலை பார்த்தார். பத்தாண்டு கழித்து, 1923இல், எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார்; பிறகு இமயமலை அடிவாரத்து ரிஷிகேசத்துக்குப் போய் ஒரு சிறு குடிலில் தங்கினார். பத்துமலையில் இன்று அவர் பெயரில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. நல்ல சம்பளமும் வசதியான வீடும் இருந்த இடத்தை விட்டு மலையை நோக்கிப் போனவர், அங்கே எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்ள முடியும் என்று பார்த்தார்.

குடும்பஸ்தர்கள் துறவிகளைப் போல வாழ வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கட்டத் தெரிந்தவர்கள் கட்டலாம். ஆனால் எப்படி?

இதற்கு நல்ல பதில் ஒன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பாங்கியில் ஒரு குன்றின் மேல், கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்து, 1992இல் முடிந்த சாலிஞ்சர் இல்லம் அது. 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற வீடு. செங்கால் என்ற உறுதியான உள்நாட்டு மரத்தால், இப்ராகிம் ஆடாம் என்ற தேர்ந்த மலாய்த் தச்சர் பழைய முறையில் மரத்தோடு மரம் பொருத்தி எழுப்பினார். குன்றைச் சீவித் தட்டையாக்கி மேடை போடவில்லை. வீடு தூண்கள் மேல் நிற்கிறது. மழைநீர் அதன் அடியில் தன் வழியே போகிறது. வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. பெரிய இயந்திரங்களுக்காகப் பாதை வெட்டினால் குன்று சிதைந்துவிடும் என்பதால் கைவேலைக்கே முதலிடம்.

அந்த வீட்டில் பழமைக்கான ஏக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள். மலைச் சரிவில் தட்டையான வீடு கட்ட இரண்டு வழிகள் உண்டு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை எதிர்ப்புறம் கொட்டி நிரவி, சமமான மேடை அமைப்பது ஒரு வழி. பெரும்பாலான குத்தகையாளர்கள் இதைத்தான் செய்வார்கள்; மலிவு, வேகம். இதில் மேல்பக்கம் வெட்டுண்ட மண்சுவர் தாங்குவாரின்றி நிற்கும். கீழ்ப்பக்கம் கொட்டிய மண் இயற்கையாக இறுகிய மண்ணைப் போலப் பிடிப்பு இல்லாமல் ஆண்டுகள் பல கடந்தும் அமுங்கிக்கொண்டே இருக்கும். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு நிரவிய தரையிலும் நின்றால் நடுவில் விரிசல் விடும். மற்ற வழி, சரிவை அப்படியே விட்டு, வெவ்வேறு உயரத் தூண்களில் வீட்டைத் தூக்கி நிறுத்துவது. செலவு கூடும். அடித்தளத்துக்குத் துளையிடுவது சிரமம். ஆனால் மலை தன் உருவத்தை இழப்பதில்லை.

தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. ஆனால் வெப்பமண்டல மழையில் அந்தக் கல் மேலிருந்து அழுகி, பல இடங்களில் பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கும் அதற்கு மேலும் வெறும் மண்ணாகிவிட்டிருக்கிறது. காய்ந்த நாளில் இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் கொஞ்சம் ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். தொடர்ந்து மழை பெய்து உள்ளே நீர் நிறைந்தால் அந்த இழுப்பு போய்விடும். நீரின் அழுத்தம் துகள்களைப் பிரிக்கும். நேற்று வரை அசையாத சரிவு ஒரே நொடியில் இறங்கும். ஆகவே மலை வீட்டின் பாதுகாப்பு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது. கூரைநீர் எங்கே விழுகிறது, மலசலத் தொட்டியின் கழிவுநீர் எந்த மண்ணில் ஊறுகிறது, சரிவின் விளிம்பில் வைத்த நீச்சல் குளம் கசிகிறதா என்பவை கண்ணாடிச் சுவரின் அழகைவிட முக்கியமானவை.

மனை சாஸ்திரம் இதை வேறு மொழியில் சொல்லியிருக்கிறது. தென்னாட்டுச் சிற்பிகள் போற்றும் மயமதம், மனை வாங்கும் முன் செய்ய வேண்டிய மண் பரிசோதனைகளைத் தருகிறது. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணாலேயே திரும்ப நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல நிலம். சரியாக நிரம்பினால் நடுத்தரம். குழி நிரம்பாமல் மண் போதாவிட்டால் விலக்க வேண்டிய நிலம். குழியில் நீர் ஊற்றி அது எப்படி நிற்கிறது என்று பார்ப்பதும் உண்டு. மண்ணின் இறுக்கத்தையும் நீர் வடிவதையும் அளக்கும் எளிய முறைகள் இவை. இன்று வாஸ்து பார்ப்பவர்கள் திசைகளையும் வாசற்படியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள்; குழி நிரம்பாத நிலத்தை விடு என்ற பகுதியைப் பற்றிப் பேசுவோர் அபூர்வம். மறுப்பைக் கேட்கும் வழியைச் சாஸ்திரம் உள்ளேயே வைத்திருந்தது. வேண்டியதை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை நழுவவிட்டவர்கள் நாம்தான்.

அந்த ஒரு முழக் குழிக்கு இன்றைய சமானம், துளையிட்டு மண்ணடுக்குகளை எடுத்துப் பார்க்கும் மண் ஆய்வு. மலேசியாவில் சரிவுகளை 15 பாகைக்குக் குறைந்தவை, 15 முதல் 25 வரை, 25 முதல் 35 வரை, 35க்கு மேற்பட்டவை என்று நான்கு வகுப்புகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மேல் இரண்டு வகுப்புகளில் கட்டுமானம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியலுக்கென்றே தனிக் கிளை 2004இல் உருவானது. அதற்கு முந்தின ஆண்டு, 2003 நவம்பரில், புக்கிட் லாஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலையை மறித்திருந்தது. ஆக, நிலம் பதில் சொல்வதற்கான வாய் இப்போது இருக்கிறது. அறிக்கையில் வரும் பாகையும் நிலத்தடி நீர்மட்டமும்தான் அந்தப் பதில். பக்தி உள்ளவர், பூமியிடம் அனுமதி கேட்டேன் என்று சொல்பவர், இந்த அறிக்கையைப் பூமியின் சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு மறக்க முடியாது. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணியளவில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளின் முதல் கட்டடம் சாய்ந்தது. 12 மாடிகள். 48 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பின்னால் எழுந்த சரிவில் நீரோடையின் போக்கு மாற்றப்பட்டிருந்தது, வடிகால்கள் போதவில்லை, தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை, நாள்கணக்கில் பெய்த மழை எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கியது.

அப்போது பலர் வாயில் வந்த சொல் விதி. சாவு வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆறுதல் உண்டு; அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதையே விளக்கமாக வைத்துக்கொண்டால் சைவ சித்தாந்தம் சொல்லும் வினைக் கொள்கையை நாம் பாதியாக வெட்டிவிடுகிறோம். வினை செய்தவனுக்கு உரியது. செத்தவனின் ஊழைப் பேசி, கட்டியவனின் செயலைப் பேசாமல் விடுவதற்கு அந்தத் தத்துவத்தில் இடமே இல்லை.

மிஞ்சிய இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் 73 பேர் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த நோக்கில் வாசிக்கத் தக்கது. நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் பொறுப்பை நூற்றுக்கு இத்தனை என்று பங்கிட்டார். கட்டியெழுப்பிய நிறுவனத்துக்கு 15. வரைபடம் வரைந்தவருக்கும் பொறியாளருக்கும் தலா 10. நகராண்மைக் கழகத்துக்கு 15. மேலே இருந்த இன்னொரு நிலத்தில் காட்டைத் திருத்தியவர்களுக்கு 20. மிகப் பெரிய பங்கான 30, கட்டடத்துக்கு நேர் பின்னால் இருந்த சரிவு நிலத்தின் உரிமையாளரான ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனது. மேல்முறையீடுகளில் சில பகுதிகள் மாறின. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பைச் சுட்டி, நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அந்தக் கடைசி முடிவு குடியிருப்பாளர்களைக் காயப்படுத்தியது. இன்று வாசித்தாலும் மனம் ஒப்ப மறுக்கிறது.

ஆனால் அந்த 30ஐப் பாருங்கள். அந்த நிறுவனம் அடுக்குமாடியைக் கட்டவில்லை. தன் நிலத்து நீர்வழியைக் கவனிக்காமல் விட்டது. நீதிமன்றம் அதிகப் பொறுப்பை வைத்தது அந்தக் கவனியாமையின் மேல். செய்யத் தகாததைச் செய்வது மட்டுமல்ல, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கேட்டைத் தரும் என்று ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த கருத்து, விழுக்காட்டுக் கணக்கில் அன்று நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. மலைமேல் நிலம் வைத்திருப்பவரின் சும்மா இருத்தலும் கீழே இருப்பவரின் தலையில் விழும். சமவெளியில் ஒருவர் தன் வடிகாலைத் தூர் எடுக்காவிட்டால் அவர் முற்றத்தில் நீர் தேங்கும். சரிவில் அது முகம் தெரியாத ஒருவருடைய படுக்கையறைக்குள் வரும். மலை வீட்டின் அறம் மற்ற வீடுகளின் அறத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான்.

அதன் பிறகும் நின்றபாடில்லை. 2002 நவம்பர் 20இல் தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா நிலச்சரிவில் புதைந்து 8 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6 விடியலில் புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் அழிந்தன. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில், கெந்திங் போகும் சாலையோரம் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிவு இறங்கி 31 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் பள்ளி விடுமுறைக்கு வந்த குழந்தைகள். நாள்களைத் தமிழ்க் காலண்டரில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஹைலண்ட் டவர்ஸையும் சேர்த்து முதல் மூன்றும் கார்த்திகை மாதத்தில். நான்காவது, மார்கழி முதல் நாள். வாசலில் அகல் ஏற்றும் மாதத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் மலைகள் தண்ணீர் நிறைந்து நிற்கின்றன.

மலையே கடவுள் என்று வணங்கும் இடத்தில் இப்படி நடக்காது என்று நினைப்பவருக்கு, 2024 டிசம்பர் 1 பதில் சொன்னது. பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். 5 பேர் குழந்தைகள். இரண்டு வாரத்துக்குள் வந்த கார்த்திகை தீபத்துக்கு அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. நிபுணர்கள் மலையைப் பார்த்துச் சொன்னதை அரசு ஏற்றது, கோயிலும் ஏற்றது. கொப்பரையும் நெய்யும் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். உச்சியில் தீபம் எரிந்தது. லட்சக்கணக்கானோர் கீழிருந்து வணங்கினார்கள். மண்ணைப் படித்தவர் ‘இப்போது வேண்டாம்’ என்றதை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே ஏற்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அங்கே புதைந்தவர்களுக்கும் வார இறுதி ஷாலே கட்டுபவருக்கும் நடுவில் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஏழை சரிவில் குடியேறுவது வேறு இடம் இல்லாததால். அவரிடம் மலையின் அறத்தைப் பேசுவது கொடுமை; மாற்று இடம் கொடுப்பதுதான் அரசின் வேலை. ஷாலே கட்டுபவருக்கு இன்னொரு வீடு கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ இருக்கிறது. அவர் போவது விருப்பத்தால். விருப்பம் எவ்வளவு சுதந்திரமானதோ அந்த அளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது.

கோயில்களும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. பத்துமலையின் சுண்ணாம்புப் பாறைக்கு ஏறக்குறைய 40 கோடி ஆண்டு வயது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கா. தம்புசாமிப் பிள்ளை அந்தக் குகையில் முருகனை வைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. யாரும் கட்டாத, இயற்கை ஏற்கெனவே எழுப்பி வைத்திருந்த ஒரு வீட்டில் முருகன் குடியேறினான். பிறகு ஏறிப்போக மரப்படிகள் வந்தன, கான்கிரீட் படிகள் 272 வந்தன. 2006இல் அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது.

2012 அக்டோபரில் பத்துமலைக்கு அருகே 29 மாடிக் குடியிருப்பு ஒன்று எழவிருக்கிறது என்று தெரிந்தபோது, கோயில் நிர்வாகமும் பக்தர்களும் திரண்டு எதிர்த்தார்கள். பாறைக்கும் குகைக்கும் ஆபத்து என்றார்கள். திட்டம் நிறுத்தப்பட்டது. அது நியாயமான போராட்டம். 2018இல் அதே 272 படிகளுக்கும் வண்ணம் பூசியபோது, அனுமதி பெறவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை ஆட்சேபித்தது. வண்ணம் அழகாக இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் படம் பிடிக்க வந்தார்கள். ஆனாலும் அடுத்தவர் மலையைத் தொடும்போது அனுமதி கேள் என்று சொன்னவர்கள், தாங்கள் தொடும்போதும் கேட்டிருக்க வேண்டும். முருகனுக்காகச் செய்வது என்பதால் கேட்கும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அவன் மலை என்று நம்பினால், அந்தக் கடமை இன்னும் கூடுகிறது.

தெய்வத்துக்கு அருகில் இருக்க மலை தேவையா என்ற கேள்விக்கு இந்தப் பள்ளத்தாக்கின் பழைய கோயில்களே பதிலாக நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸ், பெயரே சொல்வது போல, செங்கல் சூளைகள் இருந்த தாழ்நிலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே யாழ்ப்பாணத்துத் தமிழர் நல்லூரை மனத்தில் வைத்துக் கந்தசாமி கோயிலை எழுப்பினார்கள். நல்லூரும் சமவெளிதான். கிள்ளானில் ஏழுமலையானைச் சுந்தரராஜப் பெருமாளாக நிறுவி வழிபடுகிறார்கள். தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று பெயர் பெற்ற அந்தக் கோயிலைச் சுற்றி மலை ஏதும் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே வரிசையில் நிற்பவர்களின் பக்தி, ஏழு மலை ஏறியவர்களின் பக்திக்குக் குறைந்ததல்ல. ஆகவே, ஷாலே கட்டுபவர் இறைவனுக்கு அருகில் போகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. குளிருக்கும் அமைதிக்கும் போகிறேன் என்பதே போதுமான, நேர்மையான காரணம்.

அப்படியானால் நடைமுறையில் என்ன செய்வது? முதலில் வரிசை மாற வேண்டும். மண் ஆய்வு வரைபடத்துக்கு முன்னால் வர வேண்டும். பணம் கொடுத்து மனையை முடிக்கும் முன்னாலேயே வந்தால் இன்னும் நல்லது. அறிக்கை கைக்கு வந்த பிறகு பூமி பூஜைக்கு நாள் குறிக்கலாம். குருக்கள் சங்கல்பம் சொல்லும்போது, கட்டுபவருக்குத் தான் எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பது எண்ணோடு தெரிந்திருக்கும்: எத்தனை பாகைச் சரிவு, எவ்வளவு ஆழத்தில் கல், எங்கே நீர்.

அறிக்கை மறுத்தால்? ஏற்கெனவே வாங்கிவிட்ட நிலம், 35 பாகை, அடியில் ஊற்று. பணம் போட்டாகிவிட்டது என்ற வாதம் கனமானது. அதை லேசாகத் தள்ள முடியாது. அந்த இடத்தில் தடுப்புச் சுவர்களும் மண்ணுக்குள் செருகும் எஃகுக் கம்பிகளும் போட்டுக் கட்டிவிடலாம் என்று சொல்லும் ஒரு பொறியாளர் எப்போதும் கிடைப்பார். சில இடங்களில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கம்பிகளும் சுவரும் கட்டியவரின் ஆயுளுக்குப் பிறகும் பராமரிக்கப்பட வேண்டும், அதை வாரிசுகளோ புது உரிமையாளரோ செய்வார்களா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். கட்டாமல் விட்ட மனை வீண்போன மனை ஆகாது. கோயில் காடுகளைத் தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் காத்த மரபு நம்முடையது. மரங்களை அப்படியே விட்டு, ஒரு கல்லை நட்டு, ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வரலாம்.

மலை இடம் கொடுத்தால், கிரகப்பிரவேசத்தோடு வேலை முடிவதில்லை. சரிவில் படிப்படியாக அமைத்த வடிகால்களில் இலை சேரும். தடுப்புச் சுவரிலிருந்து நீர் வெளியேற வைத்த துளைகள் மண்ணால் அடைபடும். வேர்கள் குழாய்களைப் பிளக்கும். இவற்றைப் பார்க்க நவம்பர் மழைக்கு முன்னால் ஒரு நாள் வேண்டும். ஆயுத பூஜை செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருகிறது. காருக்கும் கணினிக்கும் சந்தனப் பொட்டு வைக்கும் அதே காலையில், மண்வெட்டியோடு சரிவில் இறங்கி, அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, வடிகாலைக் கடைசி வரை தூர் எடுத்து, நீர் கீழே யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது என்று நடந்து பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.